அட்டையும் கடிதமும்: கணிப்பொறி வைரஸின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1. தறியின் நினைவு

ஆரணி என்றால் பட்டு. கமண்டல நாகநதிக் கரையிலிருக்கும் இந்த ஊரிலும், சுற்றியுள்ள ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு போன்ற ஊர்களிலும் தறிச்சத்தம் கேட்காத தெரு குறைவு. கணிப்பொறி வைரஸைப் பற்றிய கட்டுரை இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கணிப்பொறியின் மூதாதைகளில் ஒன்று பட்டுத்தறி. வைரஸ் என்பது என்ன, அது யாருடைய ஆயுதம் என்ற கேள்விக்குத் தறியிலிருந்து பார்த்தால் கிடைக்கும் விடை, ஆன்டிவைரஸ் விற்பவன் சொல்லும் விடையிலிருந்து வேறுபட்டது.

தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைக் கவனியுங்கள். அதிலிருந்து அட்டைகள் கயிற்றில் கோத்த மாலையாகத் தொங்குகின்றன. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு இணைந்த கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். நாடா ஒருமுறை ஓடி முடிந்ததும் அடுத்த அட்டை வரும். கொக்கிகள் 120, 240 என்று கூடக்கூடப் புட்டாவும் பார்டரும் நுணுக்கமாகும். துளை உண்டு, அல்லது இல்லை. மயிலும் மாங்காயும் யாளியும் இந்த இரண்டே சொற்களில் எழுதப்பட்ட பிரதிகள்தாம்.

பிரான்சின் பட்டு நகரமான லியோனில் 1725இல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைக்கொண்டு இழைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளில் ஃபால்கன் சுருளுக்குப் பதில் அட்டைகளைக் கோத்தார். இவற்றையெல்லாம் சேர்த்து 1804இல் ழோசப் மரி ஜக்கார்டு தன் கருவியைச் செய்தார். அவருடைய உருவப்படத்தையே 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அதன் ஒரு பிரதி இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜிடம் இருந்தது. தன் பகுப்பாய்வு எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க அவர் எடுத்துக்கொண்டது ஜக்கார்டின் அட்டையைத்தான். 1843இல் அந்த எந்திரம் பற்றிக் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸும் தறியோடுதான் அதை ஒப்பிட்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித் பயன்படுத்தியதும் துளையட்டைதான். தறியின் நினைவு அரசின் நினைவாக மாறியது அப்போது.

லியோன் நெசவாளர்கள் 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்தார்கள். 1831இல் அவர்கள் கேட்டது குறைந்தபட்சக் கூலி விகிதம். அட்டையில் இருந்த 'அறிவு' வியாபாரியிடமும், உழைப்பு நெசவாளியிடமும் பிரிந்து கிடந்த நிலைமையோடு சேர்த்து வாசிக்க வேண்டிய கலகம் அது. நம்மூரிலும் அப்படித்தானே? டிசைன் முதலாளியுடையது, இல்லையென்றால் சங்கத்துடையது. கைகால் மட்டும் நெசவாளியுடையது. கட்டளையை எழுதுகிறவன் ஒருவன், நிறைவேற்றுகிறவன் வேறொருவன் என்ற பிரிவினை கணிப்பொறிக்கு முன்பே தறியில் நடந்துவிட்டது.

ஆனால் தறியில் இரண்டு காப்புகள் இருந்தன. ஒன்று, அட்டை கண்ணுக்குத் தெரியும். ஒரு துளை தப்பிப் போனால் சேலையே காட்டிக் குடுத்துடும். எந்த டிசைன், யார் கொடுத்தது, அட்டை அடித்தவர் யார் என்று தேடிப் போகலாம். இரண்டாவது இன்னும் முக்கியமானது. அட்டை வேறு, பட்டு வேறு. அட்டை கட்டளை, பட்டு பொருள். பட்டுநூல் ஒருநாளும் அட்டையாக மாறி, தறிக்கு உத்தரவு போடாது.

2. நூலே அட்டையானபோது

இந்த இரண்டாவது காப்பைக் கழற்றியதால் பிறந்ததுதான் நவீன கணிப்பொறி. 1945இல் ஜான் வான் நாய்மன் எழுதிய அறிக்கையின் மையக் கருத்து, கட்டளைகளையும் அவை செயல்படும் தரவுகளையும் ஒரே நினைவகத்தில் வைப்பது. ஒரே எண் இப்போது தரவு, அடுத்த நொடி கட்டளை. எந்திரம் எதை எப்படி வாசிக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த நெகிழ்வு இல்லாமல் நாம் அச்சுக்கோக்கும் மென்பொருளும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. ஆனால் நூல் அட்டையாகலாம் என்றானபின், நூல் என்று சொல்லி எவனும் அட்டையை உள்ளே தள்ளலாம் என்றும் ஆயிற்று. வைரஸின் சாத்தியம் கணிப்பொறியின் பழுதல்ல. அதன் அடிப்படைக் கட்டமைப்பிலேயே இருப்பது.

தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் எந்திரங்களின் கோட்பாட்டை வான் நாய்மனே 1940களின் கடைசியில் விரிவுரைகளில் பேசினார். 1971இல் அமெரிக்காவின் ஆர்பாநெட் வலைப்பின்னலில் 'கிரீப்பர்' என்ற நிரல் பரிசோதனையாக ஊர்ந்து திரிந்தது. 1982இல் பள்ளி மாணவனான ரிச் ஸ்க்ரெண்டா ஆப்பிள் கணிப்பொறிகளுக்காக எழுதிய 'எல்க் க்ளோனர்' நெகிழ்வட்டு வழியாகப் பரவியது. 1983இல் ஃபிரெட் கோஹன் என்ற ஆய்வாளர் இவ்வகை நிரல்களை வைத்துச் சோதனைகள் செய்தார். அவருடைய ஆசிரியர் லென் ஏடில்மன் வைத்த பெயர்தான் 'வைரஸ்'.

கோஹன் 1984இல் காட்டிய ஒரு முடிவை நாம் மறக்கக்கூடாது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா இல்லையா என்று தவறாமல் சொல்லிவிடும் ஒரு 'காவலாளி' நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காவலாளியையே உள்ளே வைத்து ஒரு நிரல் எழுதலாம்: 'என்னை வைரஸ் என்று சொன்னால் சும்மா இருப்பேன், இல்லை என்று சொன்னால் பரவுவேன்.' காவலாளி எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். ஆகவே முழுமையான காவலாளி சாத்தியமே இல்லை. ஆன்டிவைரஸ் தெரிந்த திருடனைப் பிடிக்கும், சந்தேக நடமாட்டத்தைச் சொல்லும். அதற்குமேல் 'நூறு சதவீதப் பாதுகாப்பு' என்று யாராவது விற்றால் அது வியாபாரம்.

3. 'கிருமி' என்னும் சொல்

உருவகங்கள் அப்பாவிகள் அல்ல. 'கிருமி' என்று சொன்னவுடன் ஒரு சொல்லாடல் முழுக்க வந்து உட்கார்ந்துகொள்கிறது: சுத்தம், அசுத்தம், தீட்டு, தனிமைப்படுத்தல், ஒழுக்கம். பாதிக்கப்பட்டவன் 'கவனமில்லாதவன்' ஆகிறான். இந்த ஊரில் தீட்டின் மொழி யார்மேல் போய் விழும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உருவகம் மறைக்கும் இன்னொன்றும் உண்டு. உயிர்க்கிருமிக்கு ஆசிரியன் இல்லை. கணிப்பொறி வைரஸுக்கு ஆசிரியன் உண்டு, நோக்கம் உண்டு, பல நேரங்களில் சம்பளமும் உண்டு.

1986இல் உலகம் சுற்றிய 'பிரெய்ன்' வைரஸை எழுதியவர்கள் லாகூரில் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள். தங்கள் மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்பவர்களைக் கண்டுகொள்ளவே எழுதியதாகச் சொன்னார்கள். நிரலுக்குள் தங்கள் பெயர், கடை விலாசம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். அட்டை அடித்தவர் தன் முத்திரையைப் போட்ட மாதிரி. இந்த நேர்மை அதிக நாள் நீடிக்கவில்லை. 1989இல் ஜோசப் பாப் என்பவர் எய்ட்ஸ் பற்றிய தகவல் வட்டு என்று சொல்லி ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகளைத் தபாலில் அனுப்பினார். அந்த நிரல் கணிப்பொறியின் கோப்புப் பெயர்களை மறைத்துவிட்டு, பனாமாவிலுள்ள ஒரு தபால்பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. இன்று மருத்துவமனைகளை முடக்கும் பணயத்தாக்குதலின் முன்னோடி அது. நோயின் பீதியையே உறையாகப் போட்டு வந்த கடிதம்.

பீதிக்குச் சந்தை உண்டு. 1992 மார்ச்சில் 'மைக்கேலாஞ்சலோ' வைரஸ் உலகெங்கும் ஐம்பது லட்சம் கணிப்பொறிகள் வரை அழிக்கலாம் என்று ஆன்டிவைரஸ் வியாபாரியான ஜான் மெக்காஃபி சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. பாதிக்கப்பட்டவை சில ஆயிரங்களே. விற்பனை மட்டும் எகிறியது.

4. கடிதத்தின் வேஷம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் மூலம் வந்தது. வைரஸின் வாகனம் நெகிழ்வட்டிலிருந்து மின்னஞ்சலுக்கு மாறியது அந்தப் பத்தாண்டின் இறுதியில். 1999 மார்ச்சில் வந்த 'மெலிசா', வேர்ட் ஆவணத்துக்குள் ஒளிந்திருக்கும் 'மேக்ரோ' எனப்படும் கட்டளைத் தொடராக வந்தது. திறந்தால் முகவரிப் புத்தகத்திலுள்ள ஐம்பது பேருக்குத் தன்னை அனுப்பிக்கொண்டது. கட்டுரை என்று நினைத்துத் திறந்தால் அதற்குள் அட்டை.

2000 மே 4. மணிலாவிலிருந்து ஒரு காதல் கடிதம் கிளம்பியது. இணைப்பின் பெயர் உரைக்கோப்பு போலத் தெரிந்தது. உண்மையில் அதன் வால் வேறு. விண்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்துவிடும். சில நாட்களில் கோடிக்கணக்கான கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. எழுதியவர் ஓனெல் தெ குஸ்மான் என்ற மாணவர். இணையக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் பிறருடைய கடவுச்சொல்லை எடுத்துப் பயன்படுத்த ஒரு நிரல் என்பதை ஆய்வேடாக முன்வைத்து, கல்லூரி அதை நிராகரித்திருந்தது. அன்று பிலிப்பைன்ஸில் இதற்குச் சட்டமே இல்லை, வழக்கு கைவிடப்பட்டது. 2020இல், தான்தான் எழுதினேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். கடவுச்சொல் திருடுவதை நியாயப்படுத்த வேண்டாம். ஆனால் வைரஸின் வரலாற்றில் வர்க்கமும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு எழுதவும் வேண்டாம்.

அதே 2000இல் இந்தியா தகவல் தொழில்நுட்பச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் ஒரு கணிப்பொறிக்குள் வைரஸைப் புகுத்துவதைத் தவறாக்கியது. தனியாள் புகுத்தினால் சட்டம் பேசும். அதிகாரம் புகுத்தினால்?

5. அதிகாரத்தின் கைச்சரக்கு

2017 மே 12இல் பரவிய 'வான்னாகிரை' யாரும் எந்த இணைப்பையும் திறக்காமலே கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவியது. அது பயன்படுத்திய ஓட்டை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு முன்பே தெரியும். மைக்ரோசாஃப்டுக்குச் சொல்லாமல் தன் ஆயுதமாக ஒளித்து வைத்திருந்தது. அந்த ஆயுதம் வெளியே கசிந்தது. அடைப்பு 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாத எந்திரங்கள் விழுந்தன. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் ஸ்தம்பித்தன. நம் பக்கத்தில் ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டது. புதுப்பித்தல் என்பது வசதியின் கேள்வியும்கூட. காசு கொடுத்து வாங்காத விண்டோஸை ஓட்டும் கடைக்கும், பத்து வருஷப் பழைய எந்திரத்தை ஓட்டும் சங்கத்துக்கும் அடைப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை.

கூடங்குளத்துக்கு வருவோம். 2019 அக்டோபர் 28இல் அணுமின் நிலையத்தின் கணிப்பொறிக்குள் 'டிட்ராக்' என்ற உளவு நிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. 29ஆம் தேதி நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து நிற்பவை, வெளி வலையோடு சேராதவை, தாக்குதல் சாத்தியமே இல்லை. மறுநாள், 30ஆம் தேதி, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிரல் புகுந்தது உண்மை, அரசின் கணிப்பொறி அவசரநிலைக் குழு செப்டம்பர் 4 அன்றே தெரிவித்துவிட்டது, பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான இணைய வலையிலிருந்த ஒரு கணிப்பொறி, உலையின் கட்டுப்பாட்டு வலை பாதிக்கப்படவில்லை. கழகம் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி நிற்கிறது. செப்டம்பர் 4க்கும் அக்டோபர் 30க்கும் நடுவே ஏறத்தாழ எட்டு வாரம். உலையின் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்டதற்காக இடிந்தகரை மக்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. அவர்களுக்கு இந்த எட்டு வாரத்தில் யார் என்ன சொன்னார்கள்?

6. சாட்சி சொல்லும் வட்டு

இதுவரை வைரஸ் எதையோ அழித்தது, திருடியது, பணம் கேட்டது. இனி அது எழுதத் தொடங்குகிறது.

ஸ்டேன் சுவாமி திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்தவர். ஜார்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகவும், சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காகவும் உழைத்த இயேசு சபைத் துறவி. பீமா கோரேகான் வழக்கில் 2019 ஜூன் 12இல் அவருடைய கணிப்பொறியைப் போலீஸ் எடுத்துச் சென்றது. 2020 அக்டோபர் 8இல் கைது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியவர், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழலுக்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5இல், விசாரணை தொடங்காமலே, காவலில் இருந்தபடி மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், கைப்பற்றப்பட்ட வட்டுகளின் மின்னணுப் பிரதிகளை ஆராய்ந்தது. 2022 டிசம்பரில் வெளியான அதன் அறிக்கையின்படி, ஸ்டேன் சுவாமியின் கணிப்பொறி 2014 அக்டோபரிலிருந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வேறொருவர் கட்டுப்பாட்டில் இருந்தது. அவருக்கெதிரான சான்றுகளாகக் காட்டப்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து வைக்கப்பட்டவை. கணிப்பொறி கைப்பற்றப்படுவதற்கு முந்தைய நாள், ஜூன் 11 அன்று, புகுந்தவர் தன் தடயங்களைத் துடைக்க முயன்றிருக்கிறார். நாளை எந்திரம் போலீஸ் கைக்குப் போகும் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

அதே வழக்கில் ரோனா வில்சன் பற்றிய முதல் அறிக்கை 2021 பிப்ரவரியில் வந்தது. 2016 ஜூன் 13இல், தோழரும் கவிஞருமான வரவர ராவின் கணக்கிலிருந்து மின்னஞ்சல்கள் வந்தன. இணைப்பைத் திறக்கச் சொல்லிக் கேட்டன. திறந்தார். 'நெட்வயர்' என்ற தொலைக்கட்டுப்பாட்டு நிரல் குடியேறியது. இணையத்தில் விலைக்கு விற்கப்பட்ட சரக்கு அது. அதன் விற்பனைத் தளம் 2023 மார்ச்சில்தான் முடக்கப்பட்டது. 22 மாதங்கள் அவருடைய கணிப்பொறி பிறர் கையில். மறைக்கப்பட்ட ஒரு கோப்புறையில் பத்துக் கடிதங்கள் வைக்கப்பட்டன. அவற்றை அவர் ஒருமுறைகூடத் திறந்ததற்கான தடயமில்லை. அந்தக் கணிப்பொறியில் இல்லாத, பிந்தைய வேர்ட் பதிப்பில் சில தயாரிக்கப்பட்டிருந்தன.

தேசியப் புலனாய்வு முகமை இந்த முடிவுகளை ஏற்கவில்லை. தனியார் அறிக்கையை வழக்கில் சேர்க்க முடியாது, எல்லாம் விசாரணையில் தீர்மானிக்க வேண்டியவை என்றது. ஆர்சனல் யார் கை என்று பெயர் சொல்லவுமில்லை. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனாலும் வரலாற்றில் ஒரு திருப்பம் இது. அட்டை யாருடையது என்று தறியில் தேடிப் போகலாம் என்றோம். இங்கே நம் தறியில் வேறொருவன் நெய்துவிட்டுப் போகிறான். சேலையில் நம் பெயர் இருக்கிறது. அதற்குத் தண்டனை நமக்கு. 'ஆசிரியனின் மரணம்' பற்றி நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியதுண்டு. இந்த மரணம் கோட்பாட்டில் நடந்ததல்ல.

7. நம் தரப்பில்

'நம்மள எவன் பாக்கப் போறான், நம்ம கிட்ட என்ன இருக்கு' என்பது இயக்க அலுவலகங்களில் சாதாரணமாகப் புழங்கும் பேச்சு. ரோனா வில்சனின் கணிப்பொறியில் இருந்ததைத் திருட மட்டும் அவர்கள் வரவில்லை. இல்லாததை வைக்கவும் வந்தார்கள். ஆகவே மறைக்க ஒன்றுமில்லாதவருக்கும் இது பொருந்தும்.

அனுப்பியவர் பெயரைப் பார்த்து நம்பக்கூடாது. கணக்கே களவு போயிருக்கலாம். எதிர்பாராத இணைப்பு வந்தால், அதுவும் 'உடனே திறந்து பாருங்க' என்று அவசரப்படுத்தினால், போன் போட்டு 'தோழரே, நீங்கதான் அனுப்பினீங்களா' என்று ஒரு வார்த்தை கேட்பது மரியாதைக் குறைவல்ல. கோப்புப் பெயரின் வாலை விண்டோஸ் காட்டும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். ஆவணம் மேக்ரோவை இயக்க அனுமதி கேட்டால் மறுக்க வேண்டும். விண்டோஸையும் உலாவியையும் வேர்டையும் புதுப்பித்தபடி இருக்க வேண்டும். காசில்லையென்றால் திருட்டுப் பிரதிக்குப் பதில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. அதன் நிரலை யாரும் வாசித்துப் பார்க்கலாம் என்பதால் அட்டை மறுபடி கொஞ்சம் கண்ணுக்குத் தெரிகிறது. மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு. இதழின் கையெழுத்துப் படிகளுக்கு ஒரு நகல், கணிப்பொறியிலிருந்து கழற்றி வைத்த தனி வட்டில்.

பென் டிரைவையும் சொல்ல வேண்டும். பட்டு ஊர்களில் இன்று டிசைன் கணிப்பொறியில் வரைந்து அட்டையாக அடிக்கப்படுகிறது. மின்னணு ஜக்கார்டில் அட்டையே இல்லை, கோப்புதான். டிசைன் போடும் இடம், முதலாளி வீடு, ஜெராக்ஸ் கடை என்று ஒரே பென் டிரைவ் நாலு எந்திரம் ஏறி இறங்கும். நம் இதழ்களும் அப்படித்தான் அச்சகம் போகின்றன. வெளியே போய் வந்ததைச் சோதிக்காமல் திறக்கக்கூடாது.

கணிப்பொறியைக் கைப்பற்றினால், அந்த இடத்திலேயே முத்திரையிடவும், வட்டின் 'ஹேஷ்' எண்ணை எழுதித் தரவும் கேட்க வேண்டும். வட்டிலுள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் கைரேகை அது. பிறகு ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹேஷ் எண் இடம்பெறுகிறது. ஆனால் ஹேஷ், கைப்பற்றிய பின் நடக்கும் மாற்றத்தை மட்டும்தான் காட்டும். முன்பே வைக்கப்பட்டதைக் காட்டாது.

இவ்வளவும் செய்தாலும் போதாது. 'பெகாசஸ்' போன்ற உளவு நிரல் எதையும் திறக்காமலே போனுக்குள் வருவது. அதை ஆராய 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அமைத்த குழு, சோதித்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ ஒரு தீநிரல் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்றும் சொன்னது. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் பதிவு செய்தது. தனிமனித சுத்தத்தால் இதைத் தடுக்க முடியாது. எந்த முகமை எந்த உளவு நிரலை வாங்கியது, யாருடைய உத்தரவில் யார் எந்திரத்தில் இறக்கியது என்பதற்குக் கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வந்தாக வேண்டும். ஒரு வட்டைச் சான்றாக வைக்கும் அரசு, அதற்குள் வேறு கை புகவில்லை என்பதையும் நிரூபிக்கட்டும். அந்தப் பொறுப்பைச் சிறையிலிருப்பவன் தலையில் கட்டுவதை எதிர்த்து நாம் பேசியாக வேண்டும்.